முறிந்த போல்ட் யார் கணக்கில்?

போன மாதம் ஸ்கூட்டருக்குப் பின் டயர் மாற்ற, சென்னையில் ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். சைலன்சரைக் கழற்றினால்தான் சக்கரம் வெளியே வரும். கடற்காற்றில் துருப்பிடித்திருந்த போல்ட் பாதியில் முறிந்துவிட்டது. அரைமணி நேர வேலை மூன்று மணி நேரமானது. பில்லில் லேபர் சார்ஜ் மட்டும் மாறவில்லை. பட்டியலில் இருந்த அதே தொகை, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. எனக்கு நிம்மதி. வேலை செய்த தம்பியிடம், "உங்களுக்கு?" என்று கேட்டேன். "வண்டிக்கு இவ்வளவுன்னுதான் அக்கா. இன்னைக்கு உங்க வண்டியோட போச்சு" என்றார்.

வேலைக்கு இவ்வளவு என்று முன்பே விலை சொல்வது வாடிக்கையாளருக்கு நியாயம்தான். இழுத்தடித்து பில்லை ஏற்ற முடியாது. கைதேர்ந்தவர் வேகமாக முடித்தால் அவருக்கும் லாபம் என்பார்கள். ஆனால் விலை வேறு, கூலி வேறு. விலையையே கூலியாக்கினால் துரு, உதிரிபாகம் வராத தாமதம், வண்டியே வராத நாள் என எல்லா நட்டமும் தொழிலாளி தலையில்தான் விழுகிறது.

அமெரிக்க கார் டீலர்ஷிப்புகளில் இது பழைய வழக்கம். கையேடு இரண்டு மணி நேரம் என்றால், நான்கு மணி நேரம் பிடித்தாலும் இரண்டுக்குத்தான் சம்பளம். 2013-ல் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம், வண்டிக்காகக் காத்திருக்கும் நேரத்துக்கும் தனியாகக் குறைந்தபட்சக் கூலி தரவேண்டும் என்று தீர்ப்பளித்தது.

நம் நாட்டில் 1948-ம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டமே இதைச் சொல்லிவிட்டது. பீஸ் ரேட் கூலி, நேரக் கணக்கிலான குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக்கூடாது. முதலாளி வேலை தராமல் நேரம் குறைந்தாலும் முழு நாள் ஊதியம் உண்டு. 2019-ன் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இவை தொடர்கின்றன. வருகைப் பதிவேடே இல்லாத பட்டறையில் இதை யார் கேட்பது?

என் ஆய்வில் ஒரு வரிகூட நகராத மாதங்கள் உண்டு. அப்போதும் உதவித்தொகை வருகிறது. சிக்கலான வேலைக்கு நேரம் பிடிக்கும் என்று என் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறார்கள். துருப்பிடித்த போல்ட்டுக்கு மட்டும் அந்த மரியாதை ஏன் இல்லை?

ஏசி கவுன்டரில் அச்சடித்த தொகையைப் பேசாமல் கட்டுகிறோம். சாலையோர மெக்கானிக்கிடம், "பத்து நிமிஷ வேலைக்கு இவ்வளவா?" என்கிறோம். நானும் கேட்டிருக்கிறேன். அந்தப் பத்து நிமிடத்துக்குப் பின்னால் பத்து வருடப் பழக்கம் இருக்கிறது. கிரீஸ் படிந்த கையைக் கண்டதும் நாக்கு ஒருமைக்கு மாறுவதும், பேரம் தொடங்குவதும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. படிப்புக்கு மதிப்பு, கைவேலைக்கு இழிவு என்று நமக்குப் பாடம் நடத்தியது சாதி.

விலை நிலையாகவே இருக்கட்டும். கூலி நேரத்துக்கு இருக்கட்டும், காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து. போல்ட் முறிந்தால் அந்தச் செலவை லாபம் எடுப்பவர் ஏற்கட்டும். அடுத்த முறை பில் கட்டும்போது, லேபர் என்ற வரியில் உள்ள தொகையில் லேபருக்கு எவ்வளவு போகிறது என்று கேளுங்கள், தோழர்களே.