ஆயில் மாத்தலாம் வாங்க, ஆனா ஒரு சொட்டு ஒழுகக்கூடாது

டிஸ்கி: நான் மெக்கானிக் இல்லை. மெக்கானிக்கல் படிச்சுட்டு பொட்டி தட்டுற கூட்டத்துல நானும் ஒருத்தன். அதனால திட்டுறதா இருந்தா கொஞ்சம் மெதுவா திட்டுங்க :-)

நம்ம பதிவர்கள் வத்தக்குழம்புல இருந்து சந்திரயான் வரைக்கும் எழுதித் தள்ளியாச்சு. என் பங்குக்கு இன்னிக்கு இன்ஜின் ஆயில். பைக் வச்சிருக்கிற ஒவ்வொருத்தரும் வருஷத்துல ஒரு தடவையாவது தன் கையால ஆயில் மாத்தணும்ங்கிறது என் கட்சி. காசு மிச்சமாகும்னு சொல்ல வரலை. ஆயில் மாத்துறதுக்கு வாங்குற கூலி ரெண்டு பேர் டிபன் சாப்பிடுற காசு, அவ்வளவுதான். ஆயில் மாத்தினதுக்கு அப்புறம் வர்ற ஒழுகல்ல பெரும்பாதி இன்ஜின் கோளாறே கிடையாது, கைக்கோளாறு. அவசரப்படாத கையும், நாளைக்கு அதே வண்டியில போகப்போற ஆளும் ஒண்ணா இருந்தா அந்த ஒழுகலே வராது.

திருச்சியில உட்கார்ந்துகிட்டு இதைச் சொல்ல எனக்கே கூச்சமா இருக்கு. நாகப்பட்டினத்துல இருந்த ரயில்வே பட்டறை 1928-ல பொன்மலைக்கு வந்தது. 1960-கள்ல திருவெறும்பூர்ல பெல் வந்து உயர் அழுத்த பாய்லர் செய்ய ஆரம்பிச்சாங்க. ஒரு போல்ட்டை எவ்வளவு முறுக்கணும்ங்கிற கணக்கு இந்த ஊர்ல எத்தனையோ குடும்பத்துக்குச் சோறு போட்டிருக்கு. ஆனா வாசல்ல நிக்கிற பைக்குக்கு மட்டும் "இன்னும் ஒரு இழுப்பு இழுடா"ங்கிறதுதான் கணக்கு!

எங்க வீட்டுக் கதையையே சொல்றேன். அப்பாவோட ஸ்பிளெண்டர் ஒரு கடையில ஆயில் மாத்திட்டு வந்த வாரம், அம்மா வாசல்ல இருந்து குரல் கொடுத்தாங்க. "கோலத்துக்கு நடுவுல கறுப்பா ஒரு புள்ளி இருக்கு, அது நான் வச்ச புள்ளி இல்லை." அப்பா அசரவே இல்லை. "வண்டின்னா ரெண்டு சொட்டு விடத்தான் செய்யும்"னுட்டு பேப்பரைத் திருப்பினார். நான் குனிஞ்சு பார்த்தா டிரெயின் போல்ட் சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு, இறுகவே இல்லை. மரை கழண்ட கேஸ். (போல்ட்டைச் சொன்னேங்க!)

"ரெண்டு சொட்டு"ங்கிற சமாதானத்தோடதான் எனக்குச் சண்டை. கணக்குப் போடுவோம். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு சொட்டுன்னு வச்சுக்கோங்க. ஒரு நாளைக்கு 288 சொட்டு. தோராயமா 25 சொட்டு ஒரு மில்லின்னா, நாளுக்கு 11 மில்லிக்கு மேல, மாசத்துக்கு 350 மில்லி பக்கம். இந்த மாதிரி 100 சிசி வண்டிக்குள்ள இருக்கிற மொத்த ஆயிலே ஒரு லிட்டருக்குள்ளதான். மூணுல ஒரு பங்கு தரையில போயாச்சு. மிச்சம் இருக்கிற ஆயில் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் கெடும். பிஸ்டன் பிடிச்சுக்கிட்டா செலவு ஆயிரத்துல வரும். அதை விடப் பெரிய பயம் வேற. இன்ஜினுக்கு அடியில வடியிற ஆயில் ஓடும்போது காத்துல பின்னாடி போய் பின் டயர்லதான் விழும். மழைத் தூறல்ல காவிரிப் பாலத்து மேல, முன்னாடி பஸ், பின்னாடி லாரி, டயர்ல ஆயில். யோசிச்சுப் பாருங்க.

சரி, மரை ஏன் கழலுது? போல்ட் இரும்பு. அது ஏறுற இன்ஜின் அடிப்பாகம் அலுமினியம். ரெண்டும் மல்லுக்கட்டினா தோக்கிறது எப்பவும் அலுமினியம்தான். போல்ட் போனா சில்லறைக் காசு. உள்மரை போனா லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் ஹெலிகாயில் போடணும், அதாவது பெரிசா துளைச்சு, புது மரை வெட்டி, ஸ்பிரிங் மாதிரி ஒரு ஸ்டீல் கம்பிச்சுருளை உள்ள ஏத்தணும். எங்க வண்டிக்கு அதைத்தான் செஞ்சோம்.

100-லேர்ந்து 150 சிசி வரைக்குமான பல வண்டிகளுக்கு இந்த போல்ட்டுக்குத் தேவையான முறுக்கு 25 நியூட்டன் மீட்டர் பக்கம்தான். உங்க வண்டிக்குச் சரியான எண் சர்வீஸ் மேனுவல்ல இருக்கும், அதைப் பார்த்துக்கோங்க. ஸ்பேனர்ல போல்ட்டுல இருந்து 20 செ.மீ. தள்ளிப் பிடிச்சா, 25 நியூட்டன் மீட்டருக்கு 125 நியூட்டன் போதும். ஏறக்குறைய 12.7 கிலோ. வீட்டு சிலிண்டர்ல உள்ள கேஸோட எடையே 14.2 கிலோ! அதே ஸ்பேனர் மேல 60 கிலோ ஆள் ஒருத்தர் காலை வச்சு மிதிச்சா கிட்டத்தட்ட 118 நியூட்டன் மீட்டர். வேண்டியதை விட நாலரை மடங்குக்கு மேல. அலுமினியம் என்னத்துக்கு ஆகும்?

டார்க் ரென்ச் இல்லையேன்னு கவலைப்படாதீங்க. நம்ம ஊர்ல சிங்கப்பூர், துபாய்க்குப் பெட்டி கட்டாத தெருவே இல்லை. பெட்டி எடை பார்க்கிற கொக்கித் தராசு பக்கத்து வீட்லயாவது இருக்கும். ஸ்பேனர்ல 20 செ.மீ. தூரத்துல கொக்கியை மாட்டி, செங்குத்தா இழுத்து, 12.7 வந்ததும் நிறுத்துங்க. ஏழை வீட்டு டார்க் ரென்ச் ரெடி :-)

அப்போ இவ்வளவு லேசா முறுக்கினா எப்படி ஒழுகாம நிக்கும்? அது வாஷரோட வேலை. போல்ட் தலைக்கு அடியில இருக்கிற அந்தச் சின்ன அலுமினியம் அல்லது செம்பு வாஷர், நசுங்கி ரெண்டு பக்கத்துலயும் உள்ள கீறல்ல போய் உட்காரும். ஒரு தடவை நசுங்கினது நசுங்கினதுதான், மறுபடி அதே மாதிரி உட்காராது. பழைய வாஷரையே போட்டா கசியும், கசிஞ்சா இன்னும் முறுக்கத் தோணும், முறுக்கினா மரை போகும். இந்தச் சங்கிலி மொத்தமும் ஒரு பத்து, இருபது ரூபா வாஷரை மாத்தாததுலதான் ஆரம்பிக்குது. செம்பு வாஷர்னா அடுப்புல பழுக்கக் காய்ச்சி ஆறவிட்டா மறுபடி இளகும், அவசரத்துக்கு ஒப்பேத்தலாம். டெஃப்லான் டேப் சுத்துறது குழாய் வேலைக்குச் சரி, இங்கே அதுக்கு வேலை இல்லை. எம்-சீல் அப்புறது அடுத்த தடவை போல்ட்டைக் கழட்டப்போறவனுக்குச் செய்யிற துரோகம்.

செய்முறை ரொம்பச் சுருக்கமா. வண்டியை ரெண்டு, மூணு நிமிஷம் ஓடவிட்டு அணைங்க. ஆயில் இளகணும், ஆனா கை வெந்துபோற அளவுக்குக் கொதிக்கக்கூடாது. சமதரையில சென்டர் ஸ்டாண்டு. மேல ஆயில் மூடியைக் கழட்டிட்டு, அடியில பழைய பேசின் வச்சு, போல்ட்டைக் கழட்டுங்க. சொட்டு நிக்கிற வரைக்கும் பொறுமையா இருங்க. போல்ட் முகத்தையும் இன்ஜின் முகத்தையும் துணியால துடைங்க. ஒரு மணல் துகள் இருந்தாலும் அந்த வழியா கசியும். புது வாஷர் போட்டு, முதல் நாலஞ்சு சுத்து விரலாலயே ஏத்துங்க. விரலுக்கு ஏறலைன்னா மரை கோணலா பிடிக்குதுன்னு அர்த்தம், ஸ்பேனரைத் தொடாதீங்க. கடைசியா முறுக்கு. ஃபில்டர் உள்ள வண்டின்னா ஃபில்டரும் அதோட ஓ-ரிங்கும் சேர்த்து மாத்துங்க.

ஆயில் வாங்கும்போது டப்பாவுல "ஜாசோ எம்ஏ" அல்லது "எம்ஏ2"ன்னு இருக்கான்னு பாருங்க. நம்ம கியர் பைக்குல கிளச்சும் அதே ஆயில்லதான் குளிக்குது. கார்ல மிஞ்சின ஆயிலை ஊத்தினா கிளச் வழுக்கலாம். அளவு முக்கியம். "ஒரு டப்பா வாங்கினோம், ஒரு டப்பா ஊத்தினோம்"னு இருக்காதீங்க. அதிகமா ஊத்தினா உள்ள அழுத்தம் கூடி, ஆயில் ஏர் ஃபில்டர் பக்கம் ஏறும், சீல் ஓரமா வேர்க்கும். அதுவும் ஒழுகல்தான்.

அப்படியும் எங்கேயோ ஒழுகுதா? முதல்ல மொத்தத்தையும் சுத்தமாத் துடைங்க. முகத்துக்குப் போடுற பவுடரை இன்ஜின் மேல தூவி, ஒரு கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து பாருங்க. ஈரமான கோடு எங்கே ஆரம்பிக்குதோ அங்கேதான் வியாதி. ஆயில் கீழேயும் பின்னாலயும்தான் ஓடும், அதனால சொட்டுற இடம் ஒண்ணு, ஒழுகுற இடம் ஒண்ணு. டாப்பட் மூடி ஓ-ரிங்கா இருக்கும், கியர் லீவர் சீலா இருக்கும், பாவம் டிரெயின் போல்ட்டுக்கு அடி விழும்.

இந்த இடத்துல புல்லட் ரசிகர்கள் எழுந்து நிப்பாங்கன்னு தெரியும். "எங்க வண்டி எல்லைக்கோடு போடுது"ன்னு பெருமையாச் சொல்ற கூட்டம். 1955-ல சென்னையில என்ஃபீல்டு இந்தியா ஆரம்பிச்சு, திருவொற்றியூர்ல செஞ்ச பழைய வார்ப்பிரும்பு புல்லட்ல இன்ஜின், கியர்பாக்ஸ், கிளச் பக்கத்து செயின்கேஸ் மூணும் தனித்தனி, மூணுக்கும் தனித்தனி ஆயில். சேர்மானம் அதிகம், அதனால கசிய வழியும் அதிகம். ஆனா அதுலயும் கைக்கோளாறு உண்டு. செயின்கேஸ் மூடி ஒரு ரப்பர் சீலையும் நடுவுல ஒரே ஒரு நட்டையும் நம்பி நிக்குது. கசியுதேன்னு அந்த நட்டை மேல மேல இறுக்கினா மூடி வளைஞ்சு கசிவு கூடத்தான் செய்யும். 2008-09 வாக்குல எல்லாம் ஒரே கூட்டுக்குள்ள வர்ற புது இன்ஜின் வந்தப்புறம் அந்தப் பெருமைக்கும் இடமில்லை. பழைய புல்லட்டை ஒழுகாம வச்சிருக்கிற மெக்கானிக்குகளும் இருக்காங்க. அவங்க கிட்ட இருக்கிறது பலம் இல்லை, பொறுமை.

இப்போ நான் எழுத வந்ததுலயே முக்கியமான இடம். பேசின்ல ஒரு லிட்டர் கறுப்பு ஆயில் நிக்குது. அதை என்ன பண்ணப்போறீங்க? "கரையானுக்கு நல்லது"ன்னு சுவரோரம் ஊத்துறது, சாக்கடையில சாய்க்கிறது, ரெண்டும் நம்ம ஊர் வழக்கம். முக்கொம்புல காவிரியும் கொள்ளிடமும் பிரிஞ்சு நடுவுல விட்ட மணல் தீவுதான் ஸ்ரீரங்கம். அந்தப் பக்கம் ஊருக்குள்ளேயே உய்யக்கொண்டான் ஓடுது. நம்ம குழாயில வர்ற தண்ணி ஆத்துப்படுகையில உறிஞ்சின தண்ணி. ஒரு பங்கு பழைய ஆயில் பத்து லட்சம் பங்கு குடிதண்ணியைக் கெடுக்கும்னு அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு சொல்லுது. நம்ம நாட்டுலயும் 2016 விதிகள்படி பழைய ஆயில் அபாயகரக் கழிவு. அதைத் திரும்பச் சுத்திகரிக்கிற பொறுப்பை ஆயில் தயாரிக்கிறவங்க மேலயே 2024 ஏப்ரல்ல இருந்து சுமத்தியிருக்காங்க.

பழைய ஆயிலைச் சுத்திகரிச்சா மறுபடி ஆயிலாக்கலாம். அதனால புது ஆயில் வந்த டப்பாவுலயே பழசை ஊத்தி, மூடி போட்டு, பழைய ஆயிலைப் பேரல்ல சேர்த்து மறுசுழற்சிக்குக் கொடுக்கிற சர்வீஸ் சென்டர்ல கொடுத்துடுங்க. முதல்லயே கேட்டு வச்சுக்கோங்க. இதைச் செய்ய முடியாதுன்னா, தயவு செஞ்சு வீட்ல ஆயில் மாத்தாதீங்க. இதை முழு மனசோடதான் சொல்றேன். ஒழுகாம போல்ட் போட்டுட்டு, வடிச்ச ஒரு லிட்டரை ஆத்துல விட்டா, அது வண்டி ஒழுகினதை விட மோசம்.

"அப்போ மெக்கானிக் பொழப்பு?"ன்னு சிலர் கேப்பீங்க. அவங்க பொழப்பு ஆயில் மாத்துறதுல இல்லைங்க. வால்வு சத்தத்தைக் காதாலயே கண்டுபிடிக்கிறதுல இருக்கு. ஒரு தடவை நாமளே போல்ட்டைப் போட்டுப் பார்த்தா அந்த வேலைக்கு மரியாதைதான் கூடும். வாரண்டியில இருக்கிற வண்டி மட்டும் கம்பெனி சர்வீஸ்லயே போகட்டும், பில் பத்திரம்.

அடுத்த தடவை கடையிலயே மாத்தினாலும் பரவாயில்லை. பக்கத்துல நின்னு, "அண்ணே, வாஷர் புதுசா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. உங்க ஏரியாவுல பழைய ஆயிலை ஒழுங்கா வாங்கிக்கிற இடம் தெரிஞ்சா பின்னூட்டத்துல போடுங்க மக்களே, எனக்கும் அந்தப் பட்டியல் தேவைப்படுது.