மூணு சிலிண்டரா... போச்சுடா!

கையில் காசு உள்ளவன் ஷோரூமுக்குப் போகிறான், பார்க்கிறான், வாங்குகிறான். புது மாடலுக்காக உண்மையிலேயே தவம் கிடப்பது யார் என்றால், பஸ் பாஸில் கல்லூரிக்கு வரும் நாம்தான்! தலைவர் படத்துக்கு ரிலீஸ் தேதி பார்க்கிற மாதிரி, அடுத்து என்ன மாடல், என்ன என்ஜின், எத்தனை ஹார்ஸ்பவர் என்று மாதக்கணக்கில் பேசித் தீர்க்கிறோம். உடம்பெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டி மறைத்து டெஸ்டிங் ஓடுகிற வண்டியின் மங்கலான படம் ஒன்று கிடைத்தால் போதும். அன்றைக்கு மெஸ் சாம்பாரில் உப்பு இல்லாததுகூடத் தெரியாது.

இதைக் குறை சொல்ல நான் பேனா எடுக்கவில்லை. இந்த ஆசை இருந்ததால்தான் நம்மில் பாதிப் பேர் மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் பக்கம் வந்தோம். ஆனா வண்டி வந்ததும் எதை வைத்து 'நல்லாருக்கு, நல்லால்ல'ன்னு தீர்ப்புச் சொல்றோம்? அந்த இடத்தில்தான் எனக்கு உங்களோடு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது.

ஸ்விஃப்ட் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். 2023 அக்டோபரில் டோக்கியோவில் நடந்த ஜப்பான் மொபிலிட்டி ஷோவில் சுஸுகி அடுத்த ஸ்விஃப்டைக் காட்டியது. இந்தியாவுக்கு அது வந்த நாள் 2024 மே 9. நடுவில் ஏழு மாதம். அந்த ஏழு மாதமும் நம்ம ஆட்கள் போட்ட கணக்கு இருக்கிறதே, அடேங்கப்பா! பவர் 100 தாண்டும் என்றான் ஒருத்தன். டர்போ வரும் என்று பெட் கட்டினான் இன்னொருத்தன். கடைசியில் பானெட்டைத் திறந்தால் உள்ளே இருந்தது இசட்12ஈ என்ற புது என்ஜின். 1197 சிசி, மூன்று சிலிண்டர், சுமார் 82 ஹார்ஸ்பவர். பழைய ஸ்விஃப்டில் இருந்த கே சீரிஸ் என்ஜினும் 1197 சிசிதான். ஆனால் நாலு சிலிண்டர், 90 ஹார்ஸ்பவர்.

"என்ன மாப்ளே, ஒரு சிலிண்டரை உருவிட்டானுங்க! பவரையும் குறைச்சுட்டானுங்க! ஏமாத்து வேலைடா இது!" டீக்கடையில் இதே பேச்சு. ஹாஸ்டலில் இதே பேச்சு. டிப்ளமோ படிக்கிறவன் வாயிலும் இதே பேச்சு என்பதுதான் எனக்கு வருத்தம்.

முதலில் மூணு சிலிண்டர் என்றாலே மட்டம் என்ற எண்ணத்தைப் பார்ப்போம். 1983 டிசம்பரில் வந்து இந்தியாவின் ரோட்டையே மாற்றிப்போட்ட மாருதி 800-ல் இருந்தது எத்தனை சிலிண்டர்? மூணு. 796 சிசி. அதே என்ஜின்தான் ஆம்னி வேனிலும் ஓடியது. 2014 தொடக்கம் வரை தயாரிப்பில் இருந்த அந்த 800-ஐ யாரும் 'ஒரு சிலிண்டர் கம்மி' என்று திட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை. வேகன் ஆரில் முதலில் இருந்தது 1061 சிசி நாலு சிலிண்டர். 2010-ல் அதை எடுத்துவிட்டு 998 சிசி மூணு சிலிண்டர் வைத்தார்கள். வண்டி நின்றா போனது? நம்ம மறைமலைநகரில் செய்த ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டைப் பாருங்கள். அதில் 1.5 லிட்டர் நாலு சிலிண்டர் பெட்ரோலுக்குப் பதில் 2017-ல் 1.5 லிட்டர் மூணு சிலிண்டர் வந்தது. பவர் 112-லிருந்து 123-க்கு ஏறியது. ஆக, சிலிண்டர் எண்ணிக்கைக்கும் பவருக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. ஃபோர்டு அங்கே கடையை மூடியது வேறு கதை. அதற்கு இந்த என்ஜின் மேல் பழி போட முடியாது.

அப்போ ஸ்விஃப்டில் ஏன் பவர் குறைந்தது? இங்கேதான் நம்ம பாடப்புத்தகம் உதவிக்கு வருகிறது. பழைய என்ஜினின் போர் 73 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 71.5. புதுசுக்கு போர் 74, ஸ்ட்ரோக் 92.8. பார்த்தீர்களா, பிஸ்டன் போய் வருகிற தூரம் எவ்வளவு கூடிவிட்டது என்று! 6000 ஆர்பிஎம்மில் பழைய பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 14.3 மீட்டர். அதே 6000-ல் புதுசை ஓட்டினால் 18.5 மீட்டர் தாண்டும். உராய்வும் கனெக்டிங் ராடில் விழும் பளுவும் ஏறிக்கொண்டே போகும். அதனால் இந்த என்ஜின் மேலே மேலே கத்திக்கொண்டு ஓடப் பிறந்தது இல்லை. உச்ச பவரை 5700-லேயே கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறது.

இதற்குப் பதிலாக என்ன கிடைத்தது? ஒரு சிலிண்டரின் அளவு 299 சிசியிலிருந்து 399 ஆனது. அதே மொத்த அளவுக்கு, சூடு தப்பி ஓடுகிற சுவர்ப் பரப்பு குறைந்தது. உரசுகிற ரிங் செட் நாலிலிருந்து மூணு. மெயின் பேரிங் அஞ்சிலிருந்து நாலு. வால்வு பதினாறிலிருந்து பன்னிரண்டு. எரித்த பெட்ரோலில் வீணாகப் போனதில் ஒரு பங்கு சக்கரத்துக்குத் திரும்பியது. மேனுவல் கியர் வண்டியின் அறிவித்த மைலேஜ் லிட்டருக்கு 22.38-லிருந்து 24.80 கிலோமீட்டர், ஏஎம்டியில் 22.56-லிருந்து 25.75. ரோட்டில் இது அப்படியே கிடைக்காது, ஒத்துக்கொள்கிறேன். பழைய வண்டிக்கும்தான் கிடைக்கவில்லை! இரண்டையும் ஒரே சோதனையில்தானே அளந்தார்கள்?

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி, 2π-யாலும் பெருக்கி, 60,000-ஆல் வகுத்தால் கிலோவாட். இரண்டாம் வருஷத்தில் நாம் எல்லோரும் போட்ட கணக்குதான். பழைய என்ஜினின் உச்ச டார்க் 4400-ல் 113 நியூட்டன் மீட்டர். புதுசுக்கு 4300-ல் 111.7. வித்தியாசம் ஒன்றேகால் சொச்சம்! உச்ச பவர் வருகிற இடத்தில் பார்த்தால் பழையதில் 105, புதுசில் நூறு சொச்சம். ஆக அந்த எட்டு ஹார்ஸ்பவர் போனது முக்கியமாக 5000-க்கு மேலே. தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு ஆபீஸ் நேரத்தில் போகிறவன் அந்த 5000-ஐ எந்த ஜென்மத்தில் தொடப்போகிறான்? அவன் கால் இருப்பது 1500-க்கும் 3000-க்கும் நடுவில்.

எதிர்க்கட்சிக்கும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, மறைக்கக் கூடாது. மூணு சிலிண்டரில் ஆட்டம் உண்டு. நாலு சிலிண்டரில் 180 டிகிரிக்கு ஒரு தடவை வெடிப்பு. மூணில் 240-க்கு ஒரு தடவை. ஐடிலில் அந்த இடைவெளி ஸ்டீயரிங்கில் தெரியும். பிஸ்டன்களின் விசைகள் மேலே கீழே பார்த்தால் ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடும். ஆனால் முன்கோடிச் சிலிண்டரும் பின்கோடிச் சிலிண்டரும் சேர்ந்து என்ஜினைத் தொட்டில் மாதிரி ஆட்டப் பார்க்கும். என்ஜின் மவுண்டிங்கை நன்றாகச் செய்தால் அடக்கலாம், அறவே ஒழிக்க முடியாது. பழைய ஸ்விஃப்டை நாலாயிரம், ஐயாயிரம் என்று விரட்டும்போது வந்த அந்த இழுத்துக் கட்டிய வீணை மாதிரிச் சத்தம் புதுசில் இல்லை என்று ஒருத்தர் வருத்தப்பட்டால், அது சரியான வருத்தம். என் அண்ணனே அந்தக் கட்சிதான். பார்ட்ஸ் குறைந்தால் செய்கிற செலவும் குறையுமே, விலை ஏன் குறையவில்லை என்று கேட்டாலும் தப்பில்லை. ஆரம்ப விலை 6.49 லட்சம் என்றுதான் வைத்தார்கள். ஆறு ஏர்பேக் எல்லா மாடலுக்கும் கொடுத்தார்கள் என்பது அவர்கள் தரப்பு.

ஆனா 'ஏமாத்து வேலை' என்பது மட்டும் சரியில்லை. இந்த என்ஜின் இப்படிப் பிறந்ததற்கு டெல்லியில் எழுதிய இரண்டு விதிகளையும் பார்க்க வேண்டும். ஒன்று, வரி. நாலு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள் என்ஜின். இந்தக் கோட்டைத் தாண்டினால் வரி எகிறும். 2025 செப்டம்பர் 22 முதல் வந்த ஜிஎஸ்டியில் கோட்டுக்கு இந்தப் பக்கம் 18 சதவீதம், அந்தப் பக்கம் 40. எல்லாக் கம்பெனியும் 1197, 1198, 1199 என்று கோட்டை ஒட்டி நிற்பது இதனால்தான். இரண்டாவது, ஒரு கம்பெனி விற்கும் மொத்தக் கார்களின் சராசரிப் புகைக் கணக்கு. 2022-23 முதல் கிலோமீட்டருக்குச் சுமார் 113 கிராம் கார்பன்-டை-ஆக்ஸைடு என்று இறுக்கினார்கள். லட்சக்கணக்கில் விற்கிற ஸ்விஃப்டிலும், 2024 நவம்பரில் இதே என்ஜினோடு வந்த டிசையரிலும் பத்து கிராம் மிச்சம் பிடித்தால், அந்தச் சராசரியில் எவ்வளவு மூச்சு விடலாம் என்று யோசியுங்கள்.

நாம் வருஷா வருஷம் ஏங்குகிற ஸ்விஃப்ட் ஸ்போர்ட் இங்கே வராததும் இந்தக் கோட்டால் பாதி. 2017-ல் ஜப்பானில் வந்த அந்த வண்டியின் டர்போ என்ஜின் 1373 சிசி. நீளம் நாலு மீட்டருக்குள் இருந்தும் என்ஜின் வெளியே நின்றுவிட்டது. மீதிப் பாதி? அதே 2017-ல் மாருதி பலேனோ ஆர்எஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 998 சிசி டர்போ, 102 ஹார்ஸ்பவர், கோட்டுக்குள்ளேயே! 'டர்போ கொடு, டர்போ கொடு' என்று கத்திய கூட்டம் ஷோரூம் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. விற்பனை சூடு பிடிக்காமல் 2020-க்குள் வண்டியே போய்விட்டது. அதே குடும்பத்து என்ஜினை 2023-ல் ஃப்ராங்ஸில் திரும்ப வைத்தார்கள். அதுவும் மூணு சிலிண்டர்தான்; டர்போ என்று எழுதியிருந்ததால் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை போலிருக்கிறது!

உலகமே பேட்டரி, மோட்டார் என்று ஓடுகிற காலத்தில் ஒரு கம்பெனி உட்கார்ந்து, சாதாரண ஜனம் ஓட்டுகிற வண்டிக்காகப் புது பெட்ரோல் என்ஜினை வரைந்திருக்கிறது. நாளைக்கு சர்வீஸ் ஸ்டேஷனிலோ அசெம்ப்ளி லைனிலோ அதன் முன்னால் நிற்கப்போவது நாம். 'ஏன் சார் மூணு சிலிண்டர்?' என்று கஸ்டமர் கேட்டால் டீக்கடைப் பதிலையா சொல்வது?

அதனால் நம்ம யூனியனுக்கு ஒரு கோரிக்கை. ஆட்டோ லேபில் வெட்டி வைத்திருக்கும் மாடல் நாலு சிலிண்டர் ஒன்றுதான். மூணு சிலிண்டர் கிராங்க்‌ஷாஃப்டைக் கையில் தொட்டுப் பார்க்காமலே செட் செட்டாக வெளியே போய்க்கொண்டிருக்கிறோம். ஓடாத 800 என்ஜின் ஒன்றைக் காயலான் கடையில் எடை போட்டு வாங்கலாம். யூனியன் நிதியில் வாங்கிக் கொடுங்கள். அதைப் பிரித்து, கிராங்கை மேசையில் வைத்தால் 120 டிகிரியில் மூணு த்ரோவும் எப்படித் திரும்பி நிற்கிறது என்று முதல் வருஷப் பையனுக்கும் கண்ணாலேயே தெரியும். பிரிக்க ஆள் தேட வேண்டாம். மூன்றாம் வருஷம் மெக்கானிக்கலில் பத்துப் பேர் இருக்கிறோம், ஸ்பானர் செட்டும் நாங்களே கொண்டு வருகிறோம்.