கிருமி ஒரு தாளில், மருந்து வேறொரு தாளில்

இந்தியாவில் பி.பார்ம் மாணவர் தொற்றுநோயைத் துண்டு துண்டாகத்தான் படிக்கிறார். டைபாய்டு, காசநோய், சிறுநீர்ப்பாதைத் தொற்று ஆகியவை இரண்டாம் செமஸ்டரின் பேத்தோபிசியாலஜி தாளில் வருகின்றன. அவற்றை உண்டாக்கும் பாக்டீரியாக்களின் உலகம் மூன்றாம் செமஸ்டர் மைக்ரோபயாலஜியில் திறக்கிறது. அவற்றைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக்குகளோ ஆறாம் செமஸ்டரில்தான் விரிவாக வருகின்றன. ஓராண்டுக்கு மேல் இடைவெளி விழுவதால், மருந்துப் பெயர்கள் பலருக்கு மனப்பாடப் பட்டியலாகவே நின்றுவிடுகின்றன. பாடத்திட்டத்தின் பெரிய குறை இது.

பாக்டீரியாக்களை நிறமேற்றி வகைபிரிக்கும் கிராம் ஸ்டெயினையே எடுத்துக்கொள்ளலாம். டென்மார்க் மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884இல் வெளியிட்ட முறை இது. கண்ணாடித் தகட்டில் கிருமியைப் பரப்பி, கிரிஸ்டல் வயலெட், அயோடின், ஆல்கஹால், சாஃப்ரனின் என்று வரிசையாக ஊற்றிக் கழுவ வேண்டும். செல்சுவர் தடித்த ஸ்டெஃபைலோகாக்கஸ் ஊதா நிறத்தைப் பிடித்துக்கொள்ளும். சுவர் மெலிந்த ஈ.கோலை அதை இழந்து இளஞ்சிவப்பாகும். ஆல்கஹாலைக் கொஞ்சம் அதிகநேரம் விட்டுவிட்டால் எல்லாமே இளஞ்சிவப்புதான். ரெக்கார்டு நோட்டில் மட்டும் முடிவு எப்போதும் சரியாகவே இருக்கும்!

மதிப்பெண்ணோடு முடிந்துபோகிற சோதனை அல்ல இது. நிறத்தைத் தீர்மானிக்கும் அதே சுவர்தான் மருந்தையும் தீர்மானிக்கிறது. அந்தச் சுவரின் இழைகளைப் பிணைக்கும் நொதியைப் பென்சிலின் முடக்குகிறது. மனித செல்லுக்கு அப்படியொரு சுவரே இல்லாததால் கிருமி சாகும்போது நோயாளி தப்புகிறார். மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவுக்கும் சுவர் இல்லை. ஆகவே அதனிடம் பென்சிலின் பலிக்காது, அசித்ரோமைசின் போன்றவை வேண்டும். ஈ.கோலைக்குச் சுவருக்கு வெளியே இன்னொரு சவ்வு உண்டு. அதிலுள்ள நுண்துளைகளில் வான்கோமைசினின் பெரிய மூலக்கூறு நுழைய முடியாது. காசநோய்க் கிருமியின் மெழுகுப் பூச்சுக்கு மைக்காலிக் அமிலம் அடிப்படை. அந்த அமிலம் உருவாவதைத்தான் ஐசோநியாசிட் தடுக்கிறது. கிருமியின் உடலமைப்பைத் தெரிந்தவருக்கு மருந்தியலில் பாதி முன்கூட்டியே முடிந்துவிடும்.

மீதிப் பாதி, மருந்து போய்ச்சேரும் இடம். பார்மசி மாணவருக்கே உரிய கேள்வி இது. வாய்வழி கொடுத்த வான்கோமைசின் இரத்தத்தில் அநேகமாகச் சேராது. ரத்தத் தொற்றுக்கு உதவாத இந்தக் குணமே பெருங்குடலில் குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் தாக்கும்போது வரமாகிறது. நைட்ரோஃபுராண்டாயின் சிறுநீரில் போதிய அளவு சேர்கிறது, திசுக்களில் சேர்வதில்லை. சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு அது நல்ல மருந்து, சிறுநீரகத் தொற்றுக்கு ஆகாது.

கிருமியும் சும்மா இருப்பதில்லை. பென்சிலினைச் சிதைக்கும் நொதி ஒன்று பாக்டீரியாவில் இருப்பதை ஆய்வாளர்கள் ஆபிரகாமும் செயினும் 1940இலேயே அறிவித்தார்கள்; பென்சிலின் அப்போது பொதுப் பயன்பாட்டுக்கே வந்திருக்கவில்லை. அமாக்சிசிலினுடன் கிளாவுலானிக் அமிலத்தைச் சேர்த்து விற்பது இத்தகைய நொதிகளை மடக்கத்தான்.

இந்தப் படிப்புக்கு உண்மையான தேர்வு மருந்துக்கடை கவுன்டரில் நடக்கிறது. சீட்டு இல்லாமல் வந்து, “ரெண்டே ரெண்டு மாத்திரை குடுங்க” என்று ஆன்டிபயாட்டிக் கேட்பவருக்கு மறுப்பும் விளக்கமும் சொல்ல வேண்டியவர் பார்மசிஸ்ட். 2014 மார்ச் முதல் நடைமுறையிலுள்ள, இந்திய மருந்து விதிகளின் எச்1 அட்டவணைப்படி, மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின், கார்பபெனம், காசநோய் மருந்துகள் போன்றவற்றை விற்கும்போது மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு ஆகிய விவரங்களைத் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். அந்தப் பதிவேட்டை மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும்.