கரடிக்கு ஏது டைம்-டேபிள்?



ஆறாம் வகுப்புப் படிக்கும் என் பேரன், போன வாரம் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"பாட்டி, அரையாண்டு லீவுக்குக் கரடி பார்க்கப் போறோம். ஜூவில் இல்லை... காட்டில்!" என்றான்.

திட்டத்தையும் அவனே எழுதி வைத்திருந்தான். காலையில் ரயிலை விட்டு இறங்குவது, மதியம் சாப்பாடு, 4:00 மணிக்குக் கரடி, 4:30க்கு போட்டோ, 5:00 மணிக்குத் திரும்புவது!

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பது வருடங்களுக்கு மேல் பள்ளியில் டைம்-டேபிள் போட்டவள் நான். என் வகுப்புப் பிள்ளைகளே மாலை 4:00 மணிக்குச் சொன்ன இடத்தில் உட்கார்ந்ததில்லை, கரடி உட்காருமா?

அவன் தேர்ந்தெடுத்த இடம் என்னவோ நல்ல இடம்தான். கர்நாடகத்தில், ஹம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் தரோஜி கரடிகள் சரணாலயம். 1994ல் அறிவிக்கப்பட்டது. பெங்களூரில் இரவு ரயில் ஏறினால், காலையில் ஹொசபேட்டையில் இறங்கலாம், அங்கிருந்து பக்கம். யாரோ அடுக்கி வைத்தது போல் பெரிய பெரிய பாறைகள், நடுநடுவே முட்புதர்கள். அங்கே ஒரு குன்றுக்கு, 'கரடிக்கல்லு குட்டா' என்று பெயர். கன்னடத்தில் குட்டா என்றால் குன்று. மீதி உங்களுக்கே புரியுமே! எதிரே காட்சிக் கோபுரத்தில் மனிதர்கள் காத்திருக்க, மாலையில் கரடிகள் குகையை விட்டு இறங்கி வரும்.

சரி, சொல்லி வைத்தாற்போல் அந்தப் பாறைக்கே ஏன் வருகின்றன? பாறையில் வெல்லப்பாகு, தேன் போன்றவற்றைத் தடவி வைப்பது அங்கே நெடுநாள் வழக்கம். அதை நக்கத்தான் வருகின்றன. இதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"வெல்லம் வைக்கலைன்னா, வர்றவங்க எல்லாம் ஏமாந்து போயிடுவாங்களே பாட்டி? கரடியைப் பார்த்தால்தானே அதைக் காப்பாத்தணும்னு தோணும்?" என்றான் பேரன்.

நியாயமான கேள்வி. நானும் இரண்டு நாள் யோசித்தேன். அப்புறம்தான் நீலகிரி நினைவுக்கு வந்தது. கோத்தகிரி, குன்னூர் பக்கத்தில் கோவிலுக்குள் புகுந்து விளக்கு எண்ணெய் குடித்த கரடி, பள்ளிச் சத்துணவுக் கூடத்துக் கதவை உடைத்த கரடி என்று எத்தனை செய்திகள் படித்திருக்கிறோம்! சுலபமாகக் கிடைக்கும் சாப்பாட்டுக்கு ஒருமுறை பழகிவிட்டால், கரடி மறப்பதில்லை. பிறகு ஊருக்குள் வரும், யாராவது காயப்படுவார்கள், கடைசியில் கூண்டு வைப்பார்கள். தரோஜியில் மனிதர்கள் கோபுரத்தில் தள்ளி இருப்பதால் அந்த அளவுக்கு மோசம் இல்லைதான். ஆனாலும், 'நான் பார்க்க வேண்டும்' என்ற ஆசைக்காகக் கரடியின் பழக்கத்தை மாற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

என் சிறுவயதில் கரடி எங்கள் தெருவுக்கே வரும். மூக்கில் துளை போட்டுக் கயிறு கோர்த்திருப்பார்கள். உடுக்கைச் சத்தத்துக்கு அது ஆடும். எங்கள் அம்மா காலணா கொடுத்து, தாயத்துக்குக் கரடி முடி வாங்குவார். நானும் கை தட்டியிருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. 1972ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் அந்த ஆட்டம் நிற்கப் பல வருடங்கள் ஆயின. கரடி ஆட்டிப் பிழைத்தவர்களுக்கு வேறு தொழிலுக்கு உதவி செய்து, கரடிகளை வாங்கிக் காப்பகங்களில் விட்டார்கள். கடைசி ஆட்டக் கரடி மீட்கப்பட்டது 2009ல்தான்.

கயிறு போய் வெல்லம் வந்திருக்கிறது. வலி இல்லை, உண்மைதான். ஆனால், இழுப்பது நாம்தானே?

வெல்லம் இல்லாமலே இந்தக் கரடி எவ்வளவு சுவாரஸ்யம் தெரியுமா! மேல்வரிசையில் நடுவில் இரண்டு முன்பற்கள் அதற்குக் கிடையாது. ஏன்? கரையான் புற்றை நீண்ட நகங்களால் தோண்டி, மூக்குத் துளைகளை மூடிக்கொண்டு, அந்த இடைவெளி வழியாகக் கரையானை 'சர்ர்ர்' என்று உறிஞ்சும். அந்தச் சத்தம் தூரத்திலேயே கேட்கும். குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நடக்கும். இலுப்பைப் பூ, கொன்றைப் பழம், நாவல் பழம் எல்லாம் தேடித் தின்னும். இதையெல்லாம் பார்ப்பதா, பாறையை நக்குவதைப் பார்ப்பதா?

இன்னொன்று. கரடிக்குக் கண் பார்வை மந்தம், மோப்பம்தான் பலம். திடீரென்று எதிரே ஆளைக் கண்டால், பயத்தில் பாய்ந்துவிடும். அதனால், போட்டோவுக்காகக் கோபுரத்தை விட்டு இறங்குகிற பேச்சே இல்லை என்று பேரனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

பிறகு இரண்டு பேருமாகத் திட்டத்தைத் திருத்தினோம். ஒரு மாலைக்குப் பதில் இரண்டு மாலை. மாமாவிடம் பைனாகுலர் கடன் வாங்க வேண்டும். பளிச்சென்ற சிவப்புச் சட்டை வேண்டாம். மொறுமொறு சிப்ஸ் பாக்கெட் வேண்டவே வேண்டாம்! (இதற்குத்தான் அதிக வாக்குவாதம்.) அங்குள்ள வருகைப் பதிவேட்டில், 'வெல்லம் வைக்காமலே காத்திருக்க நாங்கள் தயார்' என்று எழுதப் போகிறோம்.

"ரெண்டு நாளும் வரலைன்னா?"

"மயில் வரும், கீரி வரும். காலையில் ஹம்பி பார்க்கலாம்."

அவன் கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தான். பிறகு, '4:00 மணி - கரடி' என்று எழுதியதை அடித்துவிட்டு, பக்கத்தில் சின்னதாக எழுதினான்: 'கரடி - வந்தால்.'