'அவர்' என்றால் எவர்?

2002-ஆம் வருஷம் அக்டோபரில் அமெரிக்க ஹைஸ்கூல் மாணவர்கள் எழுதிய பி.எஸ்.ஏ.டி. பரீட்சையில் ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, அதில் பிழை உண்டா என்று கேட்டிருந்தார்கள். நோபல் பரிசு பெற்ற நாவலாசிரியை டோனி மோரிஸனுடைய மேதை, அவருக்கு நாவல் படைக்கும் ஆற்றலைத் தருகிறது என்பது வாக்கியத்தின் சாரம். 'பிழை இல்லை' என்பதே பரீட்சகர் கொண்ட விடை.

மேரிலாந்து உபாத்தியாயர் ஒருவர் ஆட்சேபித்தார். 'மோரிஸனுடைய' என்பது அடைமொழி போன்றது. 'அவர்' என்னும் பிரதிப்பெயர் அதைச் சுட்டலாகாதென்று சில இலக்கண நூல்கள் விதிக்கின்றனவே என்றார். 2003-இல் அதிகாரிகள் அக்கேள்வியையே தள்ளி, மார்க்குகளைத் திருத்தினார்கள்.

விதியை நம்பிய பிள்ளைகளைத் தண்டியாமல் விட்டது நியாயந்தான். ஆனால் விதி நியாயமா? அவ்வாக்கியத்தில் இருப்பவர் ஒரே பெண்மணி. யாரைச் சொல்கிறதென்று குழந்தைக்கும் விளங்கும். 'லீலா கமலாவிடம், அவள் பாஸாகிவிட்டாள் என்றாள்' என்றாலல்லவா திண்டாட்டம்!

பரீட்சைக்குப் போகும் குழந்தைகளுக்கு நாம் கூறுவது இதுதான்: பிரதிப்பெயரைக் கண்டதும் 'யார்?' என்று கேளுங்கள். இரண்டு பதில் வந்தால் பிழை. ஒன்றே வந்தால், ஒருமை பன்மை பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருள் தெளிவதற்கே இலக்கணம் என்பதைப் பரீட்சகர்களும் மறவாதிருப்பார்களாக!