ஆறாத புண்ணும் சிவப்பு ஒளியும்



யுத்தம் 2009 இல் முடிந்தது. ஆனால் அதன் காயங்கள் எல்லோருடைய உடலிலும் ஆறிவிடவில்லை. பொய்க்கால் உரசி மீண்டும் மீண்டும் புண்ணாகும் கால், மூடியது போலத் தெரிந்து பின்னர் திறந்துகொள்ளும் ஷெல் காயம், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டுப் படுத்திருப்பவரின் படுக்கைப் புண் என்று எத்தனையோ வீடுகளில் தினமும் மருந்து கட்டும் வேலை தொடர்கிறது. அந்த வேலையும் பெரும்பாலும் பெண்கள் கையில்தான். இப்படியான ஒரு வீட்டில் “சிவப்பு விளக்கைப் பிடித்தால் புண் ஆறிவிடும்” என்று யாராவது சொன்னால், கடன்பட்டாவது அதை வாங்கத் தோன்றும். ஆகவே இம்மாதம் ஒளிச் சிகிச்சையைப் பற்றிப் பார்ப்போம்.

ஒளியால் வைத்தியம் செய்வது புதிய விடயமல்ல. டென்மார்க் நாட்டு வைத்தியர் நீல்ஸ் ஃபின்சன், தோலில் வரும் காசநோயைச் செறிவான ஒளியைப் பாய்ச்சிக் குணப்படுத்தினார். அதற்காக 1903 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பின்னர் 1960களில் ஹங்கேரியின் புடாபெஸ்ற் நகரில் எண்ட்ரே மெஸ்ரர் என்ற வைத்தியர், மயிர் மழித்த எலிகளின் மேல் வலுக் குறைந்த சிவப்பு லேசர் ஒளியைச் செலுத்திப் பார்த்தார். ஒளி பட்ட எலிகளுக்கு மயிர் விரைவாக முளைத்தது. அதன் பின்னர் நெடுநாள் ஆறாத கால் புண்களிலும் அவர் இதைப் பரீட்சித்தார். இன்று லேசருக்குப் பதிலாக எல்.ஈ.டி. விளக்குகளும் பயன்படுகின்றன.

இது எப்படி வேலை செய்கிறது? எமது உடலின் பெரும்பாலான கலங்களுக்குள் சக்தியை உண்டாக்கும் இழைமணிகள் உள்ளன. சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் இவை உறிஞ்சிக் கூடுதலாக இயங்குகின்றன என்பதே ஆய்வாளர்கள் தரும் முக்கிய விளக்கம். கலத்துக்குச் சக்தி கிடைத்தால் புதுத் தசை வளர்வது இலகுவாகும். ஆனால் அளவு முக்கியம். குறைந்தால் பயனில்லை, கூடினாலும் பயன் கெட்டுவிடும்.

பலன் எவ்வளவு? புற்றுநோய்ச் சிகிச்சையின்போது வாயில் வரும் புண்ணைத் தடுக்க, சில வகை நோயாளருக்கு இந்த ஒளியை 2020 இல் வெளியான சர்வதேச வழிகாட்டல் சிபாரிசு செய்கிறது. நீரிழிவுக் கால் புண்ணில் நல்ல பலன் காட்டிய சிறிய ஆய்வுகளும் உண்டு. ஆனால் படுக்கைப் புண் பற்றிய ஆய்வுகளை 2014 இல் ஒன்றுதிரட்டிப் பார்த்தவர்கள், பலன் உண்டென்று உறுதியாகச் சொல்லச் சான்று போதாது என்றே முடிவு செய்தார்கள். எனவே இது ஒரு துணைச் சிகிச்சை மட்டுமே. மருந்து கட்டுவதற்கு மாற்றீடு அல்ல.

இன்னொன்றையும் கவனியுங்கள். சிவப்பு ஒளி வேறு, வெயில் வேறு, சூடான மின்குமிழ் வேறு. புண்ணை வெயிலில் காட்டிக் காயவிடும் வழக்கம் எம்மிடையே உண்டு. வெயிலின் புற ஊதாக் கதிர்கள் புதுத் தோலைக் கருக்கச் செய்யும். காய்ந்த புண் விரைவில் ஆறும் என்பதும் சரியல்ல. 1962 இல் ஜோர்ஜ் வின்ரர் பன்றிகளில் செய்த ஆய்வில், மூடி ஈரப்பதத்துடன் வைத்த காயத்தில் புதுத் தோல் ஏறக்குறைய இரு மடங்கு விரைவாகப் படர்ந்தது. உணர்ச்சியற்ற காலுக்கோ முதுகுக்கோ சூடான விளக்கைப் பிடிப்பது பெரும் ஆபத்து. சுடுவது அவருக்குத் தெரியாது. பழைய புண்ணுடன் தீப்புண்ணும் சேர்ந்துவிடும்.

விளக்கைத் தேடுமுன், புண் ஏன் ஆறவில்லை என்று தேடுங்கள்.

* நீரிழிவு உண்டா? இரத்தத்தில் சீனி கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் எந்தப் புண்ணும் ஆறச் சுணங்கும்.

* புண்ணின் மேல் பாரம் விழுகிறதா? படுத்திருப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறையாவது திருப்பிப் படுக்க வைப்பது பொதுவான முறை. பொய்க்கால் உரசினால் அதைச் சரிசெய்விக்க வேண்டும், அதுவரை அணியக்கூடாது.

* மூடி மூடித் திறக்கிறதா? உள்ளே ஷெல் துண்டோ எலும்பில் கிருமித் தொற்றோ இருக்கலாம். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

* பழைய தீக்காயத் தழும்பில் புண் வந்து, மாதக்கணக்கில் ஆறாமல் தடித்து வளர்கிறதா? அது அரிதாகப் புற்றுநோயாகவும் மாறலாம். சிறு துண்டு எடுத்துப் பரிசோதிக்காமல் அதன் மேல் எந்த ஒளியையும் பிடிக்கக்கூடாது.

* சாப்பாடு போதுமா? முட்டை, மீன், பருப்பு, கீரை இவை புதுத் தசைக்கு வேண்டியவை. வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிஞ்சியதை உண்ணும் தாய்மாரே, உங்களுக்கும் இதில் பங்கு உண்டு.

வைத்தியர் ஒளிச் சிகிச்சையைச் சொன்னால் தயங்காமல் கேளுங்கள்: எத்தனை தடவை வர வேண்டும்? எத்தனை வாரத்தில் மாற்றம் தெரியும்? தெரியாவிட்டால் என்ன செய்வது? வாரத்துக்கு ஒரு முறை புண்ணின் நீள அகலத்தை அளந்து கொப்பியில் எழுதுங்கள். நாலு வாரமாகியும் சுருங்காவிட்டால் அந்தக் கணக்கையே வைத்தியரிடம் காட்டுங்கள். ஒளியை நேரே கண்ணால் பார்க்க வேண்டாம். கர்ப்பிணிகளும், வெளிச்சம் பட்டால் தோல் தடிக்கச் செய்யும் மருந்துகளை எடுப்பவர்களும் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவுதல், சூடு, சீழ், கெட்ட நாற்றம், காய்ச்சல் இவற்றில் எது கண்டாலும் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அரசாங்க வைத்தியசாலையில் மருந்து கட்டுவதற்குப் பணம் கேட்கமாட்டார்கள். ஒளிக் கருவிக்கென்று கடன்படுமுன், பஸ்சுக்குக் காசு எடுத்துக்கொண்டு ஒரு முறை அங்கே போய் வாருங்கள். “இவ்வளவு காலம் இருந்த புண்தானே” என்று உங்கள் உடலை நீங்களே கைவிட்டுவிடாதீர்கள்.