கண்ணாடிப் பேழையும் சூட்டுக்கோலும்

பழம்பொருளைப் போற்றுவது அறிவுடையோர் செயல். இதில் கருத்து வேறுபாடு எவர்க்கும் இல்லை. ஆயின், போற்றுதல் என்பது யாது என்னும் வினா எழும்போதுதான் வழக்குத் தொடங்குகிறது. தொடாமல் வைத்திருப்பதே போற்றுதல் என்பர் ஒரு சாரார். இயங்கும் நிலையில் வைத்திருப்பதே போற்றுதல் என்பர் மற்றொரு சாரார். வீட்டுக் கணிப்பொறிகளின் முதல் தலைமுறையைச் சேர்ந்த பொறிகளைத் திறந்து, பழுது நீக்கி, வேண்டும் மாற்றங்களைச் செய்து, புதிய கூட்டில் குடியேற்றும் பொழுதுபோக்கு உலகின் பல நாடுகளில் வேரூன்றியுள்ளது. அதனை எதிர்க்கும் குரலும் உடன் எழுந்துள்ளது. "வரலாற்றைச் சிதைக்கின்றனர்" என்பதே அக்குரலின் சாரம். இக்குற்றச்சாட்டு நிற்குமா, வீழுமா என்பதை ஒரு பொறியைச் சான்றாக நிறுத்தி ஆராய்தல் தகும்.

ஒரு பொறியின் கதை

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் இயங்கிய சிங்கிளேர் நிறுவனம் 1982ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் 'இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம்' என்னும் கணிப்பொறியை வெளியிட்டது. 16 கிலோபைட் நினைவகம் கொண்ட பொறியின் விலை 125 பவுன். 48 கிலோபைட் கொண்டதன் விலை 175 பவுன். மின்சுற்றை வகுத்தவர் ரிச்சர்டு ஆல்ட்வாசர். உள்ளே நிலைத்திருக்கும் 'பேசிக்' மொழியை எழுதியவர் ஸ்டீவ் விக்கர்ஸ். கறுப்புக் கூட்டையும் சாம்பல் நிற ரப்பர் விசைகளையும் வடிவமைத்தவர் ரிக் டிக்கின்சன். ஸ்காட்லாந்தின் டண்டி நகரிலிருந்த டைமெக்ஸ் தொழிற்சாலை அதனை உற்பத்தி செய்தது. 1986இல் சிங்கிளேர் கணிப்பொறித் தொழிலை அம்ஸ்ட்ராட் நிறுவனம் விலைக்கு வாங்கியது. 1992இல் உற்பத்தி நின்றது. அதற்குள் ஐம்பது இலட்சத்திற்கும் மேற்பட்ட பொறிகள் விற்பனையாகிவிட்டன.

எளிய குடும்பத்துப் பிள்ளையும் வாங்கத்தக்க விலையில் கணிப்பொறியைக் கொடுத்தது அதன் பெருமை. அவ்விலையை எட்டுவதற்காக ஒவ்வொரு காசையும் எண்ணி எண்ணிச் சிக்கனம் செய்தது அதன் சிறுமை. பெருமையும் சிறுமையும் ஒரே கருவில் பிறந்தவை. இதனை அறியாதவர்களே அப்பொறியைத் தெய்வ விக்கிரகம்போல் தீண்டாமல் வைக்க வேண்டும் என்கின்றனர்.

'மூல வடிவம்' என்னும் மாயை

தூய்மைவாதிகளின் முதல் வாதம், மூல வடிவம் கெடலாகாது என்பது. கேட்பதற்கு இனிய வாதம். எனினும், எது மூல வடிவம்?

தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த முதல் தொகுதிப் பலகைகளிலேயே ஒரு குறை இருந்தது. ஃபெரான்டி நிறுவனம் செய்து கொடுத்த முதன்மைச் சில்லில் நேர்ந்த பிழை அது. அதனைச் சரிசெய்ய, சிறு சில்லொன்றைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கம்பிகளால் இணைத்து ஒட்டினர். கால்களை மேலே நீட்டிக் கிடந்த அச்சில்லுக்குச் 'செத்த கரப்பான்பூச்சி' என்றே பெயர் வந்தது. அடுத்த தொகுதியில் கரப்பான் போய்ச் 'சிலந்தி' வந்தது. மையச் செயலியின் கால்களோடு பற்றவைக்கப்பட்ட டிரான்சிஸ்டர் அது. 48 கிலோபைட் பொறியின் மேல் நினைவகத்திற்கோ, ஒரு பாதி பழுதான சில்லுகளை மலிவாக வாங்கி, நல்ல பாதியை மட்டும் பயன்படுத்தினர். செய்தவர்களே ஒட்டுப்போட்டு விற்ற பொறி இது. அதில் பிறர் கை வைத்தால் மட்டும் புனிதம் கெடும் என்பது எவ்வகை நீதி?

வாங்கியவர்களும் வாளாவிருக்கவில்லை. 16 கிலோபைட் பொறியை வாங்கியவர், பின்னர்ச் சில்லுகளை வாங்கிச் செருகி 48 கிலோபைட்டாக உயர்த்திக்கொண்டார். ரப்பர் விசைகளில் தட்டச்சுச் செய்ய இயலாதவர், டி.கே.டிரானிக்ஸ் போன்ற நிறுவனங்கள் விற்ற முழு விசைப்பலகைக் கூட்டினை வாங்கினார். திருகாணிகளைக் கழற்றிப் பலகையை எடுத்து அதனுள் பொருத்திக்கொண்டார். 1984இல் சிங்கிளேர் நிறுவனமே 'ஸ்பெக்ட்ரம் பிளஸ்' என்னும் பெயரில் புதிய கூட்டை வெளியிட்டது. பழைய பொறியை வைத்திருந்தவர் தாமே கூடு மாற்றிக்கொள்ளும் பொருட்டு, அக்கூட்டைத் தனியாகவும் விற்றது. ஆகவே, கூடு மாற்றுதல் என்பது இக்காலத்தார் இழைக்கும் புதுக் குற்றமன்று. அப்பொறி வாழ்ந்த காலத்திலேயே அதனோடு வளர்ந்த வழக்கம் அது. வரலாற்றைக் காப்பதாகச் சொல்லும் தூய்மைவாதி, வரலாற்றின் இப்பகுதியைப் படிக்காமலே தீர்ப்பு வழங்குகிறார்.

தீண்டாமையால் விளையும் கேடு

இரண்டாவது வாதம், தொடாமல் விட்டால் பொறி கெடாது என்பது. இது முதல் வாதத்தினும் மெலிந்தது. மரமும் கல்லும் அல்லாத பொருள் இது. உள்ளிருந்தே அழியும் இயல்புடையது.

மின்பகுளி மின்தேக்கிகளினுள் இருக்கும் நீர்மம் ஆண்டுகள் செல்லச் செல்ல உலர்கிறது அல்லது கசிகிறது. பெட்டியில் கிடந்தாலும் அது நிற்பதில்லை. ரப்பர் விசைகளுக்கு அடியிலுள்ள மெல்லிய பிளாஸ்டிக் படலம் 8 கம்பித்தடங்களும் 5 கம்பித்தடங்களுமாக இரண்டு வால்களை உடையது. எட்டும் ஐந்தும் பெருக நாற்பது விசைகள். அவ்வால்கள் மடியும் இடத்தில் முறுகி ஒடிகின்றன. ஒரு தடம் ஒடிந்தால் ஒரு வரிசை எழுத்துகள் ஊமையாகின்றன.

இதனினும் கொடியது நினைவகத்தின் நிலை. கீழ் 16 கிலோபைட்டுக்குரிய எட்டுச் சில்லுகளுக்கும் 12 வோல்ட், 5 வோல்ட், எதிர்நிலை 5 வோல்ட் என மூவகை மின்னழுத்தம் வேண்டும். இவற்றை ஆக்கித்தரும் சிறு சுற்றில் ஒரு டிரான்சிஸ்டர் பழுதாகி எதிர்நிலை மின்னழுத்தம் நின்றுபோயின், நினைவகச் சில்லுகளும் கருகத் தொடங்கும். வெளியிலிருந்து வரும் ஏறத்தாழ 9 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கும் பழைய சீராக்கி, எஞ்சியதை எல்லாம் வெப்பமாகக் கொட்டுகிறது. அவ்வெப்பம் கூட்டினுள் அடைபட்டு அருகிலுள்ள உறுப்புகளை வாட்டுகிறது.

பழுதறிந்தவர் செய்வது என்ன? மின்தேக்கிகளை மாற்றுகிறார். சூடேறும் சீராக்கியை நீக்கி, வெப்பம் மிகக் குறைவாக வெளியிடும் புதுவகைச் சீராக்கியைப் பொருத்துகிறார். முறிந்த படலத்திற்கு ஈடாகப் புதிதாய்ச் செய்யப்பட்ட படலத்தை இடுகிறார். தொலைக்காட்சியின் அலைவரிசையைத் தேடிப் பார்க்க வேண்டிய பழைய இணைப்பை விடுத்து, படக்குறிகையை நேரே வெளிக்கொணரும்படி இரண்டொரு கம்பிகளை மாற்றுகிறார். இம்மாற்றம் ஆடம்பரமன்று. பிரிட்டனில் 2012இலும், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 2019இலும் பழைய முறைத் தொலைக்காட்சி ஒளிபரப்பு முடிவுற்றது. பழைய அலைவரிசையை ஏற்கும் பெட்டிகள் அருகிவரும் காலத்தில், காட்சி தராத கணிப்பொறியைக் கண்ணாடிப் பேழையில் வைத்து வணங்குவதால் யாருக்கு என்ன பயன்?

ஏட்டுச்சுவடியைப் பற்றிப் படித்தவர்க்கு இவ்வுண்மையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. செல்லரித்த ஓலையைப் புதிய ஓலையில் படியெடுத்தவர்களால்தான் பழந்தமிழ் நூல்கள் எஞ்சின. ஓலை புனிதம் எனக் கட்டிப் பரணில் ஏற்றியவர்களால் எஞ்சவில்லை.

குடலை உருவித் தோலைப் போற்றுவோர்

மாற்றம் செய்வோர் அனைவரும் குற்றமற்றவர் எனக் கொள்ளுதலும் தவறு. நன்றாக இயங்கும் பழம்பொறியின் உட்பலகையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, வெறுங்கூட்டில் இக்காலத்து மலிவான சிறு கணிப்பொறியைத் திணித்து, 'பழம்பொறிக்கு உயிரூட்டினேன்' எனப் பெருமை பேசுவோர் உளர். இவர்கள் உயிரூட்டியவர்கள் அல்லர். குடலை உருவித் தோலில் வைக்கோல் அடைத்தவர்கள். கூட்டின் பக்கத்தை அறுத்துப் புதிய துளைகள் இடுவோரும் இவ்வினத்தவரே. அறுத்த பிளாஸ்டிக் மீண்டும் ஒட்டாது.

வியப்பு என்னவெனில், தொடாதே என்பவரும் குடலை உருவுபவரும் பகைவர்போல் தோன்றினும் ஒரே மயக்கத்தில் உழல்பவர்கள். இருவர்க்கும் பொறி என்பது அதன் தோற்றமே. ஒருவர் தோற்றத்தைப் பூட்டி வைக்கிறார். மற்றவர் தோற்றத்தை மட்டும் வைத்துக்கொள்கிறார். பொறி என்பது அதன் இயக்கம் என்னும் எளிய உண்மை இருவர் கண்ணிலும் படவில்லை.

கூடு மாற்றுவதன் உண்மைப் பயன் இங்கேதான் விளங்குகிறது. புதிதாக வார்க்கப்பட்ட கூடுகளும் விசைப்பாய்களும் இன்று கிடைக்கின்றன. நாள்தோறும் கைபடும் பலகையைப் புதிய கூட்டில் அமர்த்திவிட்டு, பழைய கூட்டை வெயில்படாமல் எடுத்து வைப்பதால் கூடும் பிழைக்கிறது, பலகையும் பிழைக்கிறது. வேண்டும்போது சில திருகாணிகளைக் கழற்றிப் பழைய நிலைக்கே திருப்பலாம். ரப்பர் விசைகளை வடிவமைத்த ரிக் டிக்கின்சனே, 2017இல் பொதுமக்கள் நிதியுதவியோடு தொடங்கிய 'ஸ்பெக்ட்ரம் நெக்ஸ்ட்' என்னும் புதிய பொறிக்கும் கூட்டினை வரைந்து கொடுத்து, 2018இல் மறைந்தார். தம் கைவண்ணத்தை மாற்றத் தகாத வேதமாக அவர் கருதியிருப்பின் அதனைச் செய்திருப்பாரா?

நெறியோடு மாற்றுக

எதிர்ப்போரின் வாதங்களில் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. பழம்பொறிகள் இனிப் பிறக்கப் போவதில்லை. எனவே ஒவ்வொரு மாற்றமும் பின்வரும் ஆய்வாளர்க்கு ஒரு சான்றை மறைக்கக்கூடும். இதனை மறுப்பது அறமாகாது. ஆனால், இதற்கு விடை தடை அன்று, நெறி.

அருகிய முதல் தொகுதிப் பலகைகளை இயன்றவரை மாற்றாது விடுதல் வேண்டும். அவற்றுக்கு அருங்காட்சியகமே இடம். நீக்கிய உறுப்பு ஒவ்வொன்றையும் பெயரெழுதிய உறையிலிட்டுப் பொறியோடு வைத்தல் வேண்டும். பழைய கூட்டை அறுத்தல் கூடாது. எந்நாளில் எதனை ஏன் மாற்றினார் என்பதை எழுதி வைத்தல் வேண்டும். மின்னூட்டும் முன் அளவுமானி கொண்டு சோதித்தல் வேண்டும்; ஸ்பெக்ட்ரம் பொறியின் மின்செருகியில் நடுமுனை எதிர்நிலை. இதனை அறியாமல் கைக்குக் கிடைத்த செருகியை மாட்டியவர்கள் நொடியில் பொறியைப் பாழாக்கியிருக்கின்றனர். இந்நெறிகளைக் கைக்கொண்டவரைச் சிதைப்பவர் என்பது, மருத்துவரைக் கத்தி வைத்திருப்பதால் கொலைஞர் என்பதை ஒக்கும்.

எழுதி வைத்தலின் வலிமைக்குச் சான்றும் உண்டு. ஃபெரான்டி செய்த முதன்மைச் சில்லு இன்று உற்பத்தியில் இல்லை. அதன் உட்கட்டமைப்பை நுணுகி ஆராய்ந்து கிறிஸ் ஸ்மித் என்பார் 2010இல் ஒரு நூல் வெளியிட்டார். அவ்வாராய்ச்சியின் பயனாக, அச்சில்லே இல்லாமல் பொதுவான சில்லுகளைக் கொண்டு ஸ்பெக்ட்ரத்தை ஒத்த பலகையைச் செய்யும் வழி பிறந்தது. திறந்து பார்க்கும் துணிவு இல்லையேல் இவ்வறிவு எங்கிருந்து வந்திருக்கும்? அப்பொறியின் இதயமான இசட்80 செயலியின் உற்பத்தியையும் நிறுத்துவதாக சைலாக் நிறுவனம் 2024இல் அறிவித்துவிட்டது. உறுப்புகள் அருகும் காலத்தில் பழுது நீக்கும் அறிவும் அருகுமானால், கண்ணாடிப் பேழைகளில் எஞ்சுவது கறுப்புப் பிளாஸ்டிக் மட்டுமே.

மாணவர்க்குரிய உடைமை

இவ்வழக்கில் உண்மையில் பணயமாக நிற்பது ஒரு பழைய பெட்டியன்று, கற்போரின் உரிமை. இன்றைய மாணவர் கையில் தவழும் கருவிகள் பசையால் ஒட்டி மூடப்பட்டவை. அவற்றைத் திறந்தாலும் உள்ளே நடப்பதை ஒரு மனிதர் தனியே முழுமையாக அறிந்துவிட இயலாது. ஸ்பெக்ட்ரமோ மின்னூட்டியதும் ஆணைக்காகக் காத்து நிற்கும் பொறி. அதன் நிலைநினைவகம் 16 கிலோபைட்டே. பொறுமையுள்ள மாணவர் ஒருவர் அதன் செயலியையும், சுற்றையும், மொழியையும் முதலிலிருந்து முடிவுவரை கற்றுத் தேறலாம். ஒரு கணிப்பொறியை முழுதும் அறிந்தேன் என்று சொல்லத்தக்க வாய்ப்பை இத்தகைய பொறிகளே தருகின்றன. அவ்வாய்ப்பின் மேல் 'தொடாதே' என்று பலகை எழுதி மாட்டுவது, நூலகத்தில் நூல்களை அடுக்கிவிட்டுப் படிக்காதே என்று பூட்டுவதற்கு நிகர்.

பயன்படுத்த மட்டும் கற்பித்து, திறந்து பார்க்கக் கற்பிக்காத கல்வி வாடிக்கையாளர்களை உருவாக்கும், அறிஞர்களை உருவாக்காது. சூட்டுக்கோல் பிடித்த மாணவர் முதல் நாள் ஓர் இணைப்பைக் கருக்குவார். அடுத்த நாள் ஏன் கருகியது என்று கேட்பார். கேள்வி பிறந்த இடத்தில் கல்வி பிறந்துவிட்டது. அதற்கு விலையாக ஐம்பது இலட்சத்தில் ஒரு பொறி பழுதடையினும், அதனை இழப்பு என்று கணக்கெழுதுவது பேதைமை. ஆசிரியர் பெருமக்கள் அக்கேள்விக்கு இடங்கொடுப்பார்களாக. பேழையின் சாவியை மாணவர் கையில் கொடுப்பார்களாக.